சிவப்பு அரணையும் உப்புக் கோடும்

1

மொன்றியலில் அரணை இல்லை. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. எனக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆறு வருடம் எடுத்தது. அந்த ஆறு வருடமும் நான் செய்த காரியம் இந்த வருடம்தான் எனக்கே தெரியவந்தது. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லத்தான் வரும்.

மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நான் கொன்சியேர்ஜ். காவல்காரன், கூட்டுகிறவன், குழாய் திருத்துகிறவன் எல்லாம் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையோடு சேர்த்துக் கீழ்த்தளத்தில் ஒரு வீடும் தந்திருக்கிறார்கள். வேலை போனால் வீடும் போகும். இது நான் படுக்கும்போதும் எழும்பும்போதும் மறக்காத ஒரு விசயம்.

கட்டடத்தின் பின்னால் ஒரு கம்பி வேலி. அதற்கு அப்பாலும் கட்டடத்தின் பக்கவாட்டிலும் நகரசபையின் சிறு காடு. மேப்பிள் மரங்கள், விழுந்து உக்கிய மரங்கள், பாசி. நிலம் வேலியடியிலிருந்து சரிந்து போய் ஒரு குட்டைக் குளத்தில் முடியும். நாலு கார் நிறுத்தலாம், அவ்வளவுதான் அதன் அளவு. மீன் கிடையாது.

இங்கே வேலைக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், உடுப்புத் தோய்க்கும் அறையின் பின்கதவைத் திறந்தேன். படியில் ஒரு விரல் நீளத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று நின்றது. நாலு கால், வால், முதுகின் இரு பக்கமும் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. அரணை என்றே நினைத்தேன். ஆனால் ஊர் அரணை ஆளைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபடி நின்றது. ஓடாத பிராணியை நம்பக் கூடாது. அது எதையோ கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னேன்.

"அரணை கடிச்சால் மரணம் எண்டு தெரியும்தானே அண்ணை," என்றார் அவர். "ஊர் அரணைக்கே அப்பிடி. இது ஐஸுக்குள்ள கிடந்து எழும்பி வாற சாமான். சும்மா விடுமே?"

பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று கேட்க எனக்குக் கூச்சம். மகள் துளசிக்கு அப்போது பத்து வயது. உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவால்தான் போய் வருவாள்.

பனிக்காலத்தில் படி ஐஸை உருக்க வாங்கி மிஞ்சிய உப்பு மூட்டைகள் நிலவறையில் கல்லாக இறுகிக் கிடந்தன. உடைத்து, வேலி ஓரம் முழுக்க ஒரு சாண் அகலத்தில் கோடாகப் போட்டேன். அட்டைக்கு உப்புப் போட்டால் வராது. அரணையும் வராது என்று கணித்தேன். மரங்களுக்குக் கெடுதி வருமா என்று ஒரு நிமிடம் யோசித்ததும் உண்டு. தென்னங்கன்று நடும் குழியில் உப்புப் போட்டு மூடுகிற இடத்திலிருந்து வந்தவன் நான். உப்பு மரத்துக்கு நல்லது என்று முடிவு கட்டினேன்.

மழை கரைத்தால் திரும்பப் போட்டேன். இளவேனிலில் ஒரு சுற்று, இலை விழும் காலத்தில் ஒரு சுற்று. ஆறு வருடம். பிறகு அரணை படிக்கு வரவேயில்லை. என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

2

என் மனைவி மனோ சொல்லுவாள், "இஞ்சருங்கோ, உங்களுக்கு ஆக்களிலயும் சந்தேகம், ஐஸிலயும் சந்தேகம்" என்று. உண்மைதான். படியில் ஐஸ் இல்லாத இடத்திலும் உப்புத் தூவுவேன். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் என்ற பயம்.

இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததல்ல. கனடாவுக்கு வந்த முதல் வருடம் ஒரு அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டி, விரலால் காட்டி, சிரித்தார்கள். நானும் சிரித்துக் கையெழுத்து வைத்தேன். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததாம். பேந்து அகதி விசாரணை நாளில் தனியே இருந்து, என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதைத் திருத்தி எடுக்க ஒரு வருடத்துக்கு மேலானது. அன்றிலிருந்து எந்தத் தாளும் எங்கள் வீட்டில் பிள்ளை வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதில்லை.

துளசியிடமும் அதையே சொல்லி வளர்த்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லு. சிரிக்கிறவரைக் கவனி. ஒருவரையும் உடனே நம்பாதே.

3

இந்த வருடம் சித்திரை மாதம், பனி உருகி முடிகிற சமயம், குளத்தடியில் ஒரு பெண்மணியைக் கண்டேன். அறுபத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. கையில் ஒரு கொப்பி. பேனை போன்ற ஒரு கருவியைத் தண்ணீருக்குள் விட்டு, எடுத்துப் பார்த்து, எழுதினார். பிறகு நிலத்தில் பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தார். பன்னிரண்டு பலகைகள்.

கொப்பியோடு வருகிறவர்கள் எனக்கு நல்லது கொண்டுவந்ததில்லை. நகரசபையா, கட்டட முதலாளி அனுப்பிய ஆளா? குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நின்று மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் அவரே வேலியடிக்கு வந்து, "பொன்ஜூர்!" என்றார். நானும் பொன்ஜூர் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. துளசியைக் கூப்பிட்டேன்.

துளசிக்கு இப்போது பதினாறு. எங்களோடு அவள் தமிழ் பேசுவது குறைந்துகொண்டு வருகிறது. நாங்கள் கேட்டால் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் திரும்பி பிரெஞ்சில் முடிப்பாள். தொலைபேசியில் தோழிகளோடு பேசும்போது அவளுடைய குரலே வேறு. கதவுக்கு வெளியே நின்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரோ வாடகைக்கு இருப்பது போலிருக்கும்.

அந்தப் பெண்மணியின் பெயர் ஜினெட். ஓய்வுபெற்ற ஆசிரியர். காட்டின் மறுகரையில் வீடு. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கையை ஆட்டி ஆட்டி, ஐந்தாறு நிமிடம் பேசினார். துளசி தலையாட்டினாள். ஏதோ திருப்பிச் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"குளத்தில இருக்கிற ட்ரிற்றோனை, நீங்கள் சொல்லுற சிவப்பு அரணையை, எண்ணுறாவாம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"அந்த மனுசி அவ்வளவு நேரம் கதைச்சா. நீ ஒரு வரி சொல்லுறாய்."

"பிரெஞ்சில அப்பிடித்தான் அப்பா. நீட்டித்தான் சொல்லுவினம்."

நான் நம்பவில்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஒரு சொல் நன்றாகத் தெரியும். ஆறு வருடமாக நான் தோளில் சுமக்கும் மூட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது அது: செல். உப்பு. ஜினெட் அந்தச் சொல்லை மூன்று தரம் சொன்னார். துளசியின் தமிழில் உப்பு ஒரு தரமும் வரவில்லை.

அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. இதுவும் என் வழக்கம். சந்தேகம் வந்தால் கேட்கமாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன். துளசி பள்ளிவிட்டு வந்து குளத்தடிக்குப் போனாள். ஜினெட்டோடு நின்று பலகையைத் தூக்கிப் பார்த்தாள். இருவரும் பேசும்போது ஒருமுறை எங்கள் கட்டடத்தைப் பார்த்தார்கள். என் பிள்ளை என்னைப் பற்றி ஏதோ அந்த மனுசியிடம் சொல்லுகிறாள் என்று எனக்குள் விழுந்துவிட்டது. அது விழுந்தால் எழும்பாது.

4

இதற்கிடையில், உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் பிராணியைப் பற்றித் துளசி வீட்டில் சொன்ன கதைகளில் எனக்கு ஆசை பிடித்துவிட்டது. உப்பைத்தான் மறைத்தாளே தவிர, மற்றதெல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் எங்களோடு இருந்து தமிழில் நீளமாகப் பேசியது அதைப் பற்றித்தான்.

"முதலில இது அரணை இல்லை அப்பா. பல்லியும் இல்லை. வால் இருக்கிற தவளை எண்டு வையுங்கோ."

அது முட்டையைத் தவளை போலக் கும்பலாக இடாதாம். ஒவ்வொன்றாக இடும். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு நீர்ச்செடியின் இலையைப் பின்கால்களால் மடித்து மூடும். குஞ்சு, கழுத்தின் இரு பக்கமும் இறகு போன்ற செவுளோடு தண்ணீருக்குள் வளரும். கோடை முடிகிறபோது செவுள் மறைந்து, தோல் உலர்ந்து, செம்மஞ்சளாகிக் கரையேறும். அதுதான் நான் படியில் கண்டது. அந்த நிறத்தோடு காட்டுக்குள் போனால் இரண்டு மூன்று வருடம், சிலது ஏழு வருடம்கூடத் தண்ணீர்ப் பக்கம் வராது. உக்கிய மரத்துக்கடியில் பனிக்காலத்தைக் கழிக்கும். மழை பெய்தால் பகலிலும் இலைச்சருகில் நடக்கும். நடந்து நடந்து ஒரு வருடம் அதற்குத் திரும்பத் தோன்றும். அப்போது நிறம் மாறிப் பச்சையாகும். வால் துடுப்பு போலத் தட்டையாகும். குளத்துக்கு வந்து சேரும். பிறகு பெரும்பாலும் அங்கேதான் சீவியம். நுளம்புக் குடம்பி, புழு, தவளை முட்டை எல்லாம் தின்னும்.

"அப்ப ஏன் என்னைக் கண்டு ஓடேல்லை?"

"தோலில நஞ்சு. அந்த நிறமே ஒரு எச்சரிக்கைதான். ஒருத்தரும் தின்னமாட்டினம், பேந்து ஏன் ஓடுவான்?"

"பாத்தியா, நஞ்சு எண்டு நான் சொன்னனான்தானே!" என்றேன் மனோவிடம்.

"கடிக்காது அப்பா. நீங்கள் அதைச் சாப்பிட்டால்தான்."

"சரி, அப்ப ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டிறைச்சியே வாங்குங்கோ," என்றாள் மனோ.

நானும் ஒன்று சொன்னேன். போன மார்கழியில், குளம் புதிதாக உறைந்து கண்ணாடி போல இருந்த காலையில், ஐஸுக்குக் கீழே ஒன்று நீந்திப் போனதைக் கண்டேன். செத்தது மிதக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அது திரும்பியது. துளசி கண்ணை விரித்தாள். "அது வளந்த ட்ரிற்றோன் அப்பா! மதாம் ஜினெட்டே அதை ஒரு தரம்தானாம் கண்டவா." நான் கண்டதைக் கேட்டு என் மகள் வியந்தது அன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே, அந்தச் செய்தி நாளைக்கு ஜினெட்டின் கொப்பிக்குப் போகும் என்றும் நினைத்தேன்.

5

ஆவணி மாதம், துளசி வீட்டில் இல்லாத நேரம், ஜினெட் ஒரு தாளோடு கதவைத் தட்டினார். தட்டச்சில் ஒரு கடிதம். கீழே குளமும் வேலியும் எங்கள் கட்டடமும் கையால் கீறிய ஒரு படம். அடியில் இரண்டு கோடு. ஒன்றில் அவர் கையெழுத்து இருந்தது. மற்றதைக் காட்டி என்னிடம் பேனையை நீட்டிச் சிரித்தார்.

நான் பேனையை வாங்கவில்லை. "மா ஃபீய்," என்றேன். என் மகள். அவர் விளங்கித் தாளைத் தந்துவிட்டுப் போனார்.

கடிதத்தில் எனக்கு இரண்டு சொல் தெரிந்தது. ஒன்று செல். மற்றது ரேமோன். ரேமோன் எங்கள் வாகனத் தரிப்பிடத்தில் பனி வழிக்கும் உழவுவண்டிக்காரர். ஒவ்வொரு பனிக்காலமும் வண்டியை நிறுத்தி எனக்கு ஒரு கோப்பி நீட்டுகிற மனுசன். அவர் பேர் ஏன் இதில்?

துளசி வந்ததும் சமையலறை மேசையில் தாளை வைத்தேன். மனோ அடுப்பை நிறுத்தினாள்.

"வாசி. சுருக்காதே. ஒவ்வொரு சொல்லாச் சொல்லு."

துளசி தாளைப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஒண்டுமில்லை அப்பா, குளத்தைப் பற்றி..."

"பிள்ளை."

அவள் மெல்ல வாசித்தாள். குளத்துத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. வேலியோரம்தான் ஆகக்கூட. அங்கே போட்ட பலகைகளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் ஒவ்வொரு பலகைக்கும் கீழே நாலைந்து இருக்கும். காட்டிலிருந்து குளத்துக்கு இறங்குகிறவை அந்த வேலிப் பக்கத்தால்தான் இறங்குகின்றன. ஈரத்தோலோடு உப்பைக் கடக்க அவற்றால் முடியாது. கடந்தாலும், போய்ச் சேருவது உப்புத் தண்ணீரில். ரேமோன் என்ற உழவுவண்டிக்காரர் உப்புப் பனியைக் காட்டுக்குள் கொட்டுகிறார் என்று அறிகிறேன். நகரசபை நடவடிக்கை எடுக்க வேண்டும். கட்டடத்தின் கொன்சியேர்ஜ் இதற்குச் சாட்சி.

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"ரேமோன் எண்டு ஆர் சொன்னது?"

அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"துளசி, ஆர் சொன்னது?"

"நான்தான்!" அழத் தொடங்கிவிட்டாள். "வேலியில உப்பு ஏன் கிடக்குது, உன்ர அப்பாவுக்குத் தெரியுமோ எண்டு முதல் நாளே கேட்டவா. நான் என்ன சொல்லிறது? எங்கட அப்பாதான் எண்டு சொன்னால் வேலை போகும். வீடு போகும். நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லுறனீங்கள்."

"அதுக்கு ரேமோனில போடுறதே?" என்றாள் மனோ.

"அவருக்கு ஒண்டும் ஆகாதெண்டு நினைச்சன். பெரிய கொம்பனிதானே." பிறகு என்னைப் பார்த்தாள். "கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லு, ஒருத்தரையும் நம்பாதே எண்டு ஆர் சொல்லித் தந்தது?"

இவ்வளவு நாளும் என் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கிறாள் என்று வேலியோரம் நின்று உளவு பார்த்தேன். அவள் எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யோடு பலகை பலகையாகத் தூக்கி, ஏதாவது உயிரோடிருக்கிறதா என்று தேடியிருக்கிறாள்.

மனோ தாளை மடித்தாள். "கையெழுத்து வையாமல் விட்டால் போதும். சாட்சி இல்லாட்டி அந்த மனுசி என்ன செய்யும்?"

அது நல்ல யோசனை. என் வாழ்க்கை முழுக்க நான் எடுத்த யோசனையும் அதுதான். ஆனால் கடிதம் என் கையெழுத்து இல்லாமலும் போகும். ரேமோனின் பேரோடு போகும். மற்றதையும் நான் எண்ணிப் பார்த்தேன். எந்த வருடம் முதன்முதலில் உப்புப் போட்டேனோ, அந்த வருடம் கரையேறிக் காட்டுக்குள் போனவற்றில் மிஞ்சியவை திரும்பி வருகிற காலம் இது.

6

சனிக்கிழமை காலை குளத்தடிக்குப் போனேன். துளசி தானும் வந்து சொல்லுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவளுடைய வாயால் இன்னொருமுறை என் காரியத்தைச் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு வேண்டிய நாலு சொல்லை மட்டும் அவளிடம் கேட்டுப் பாடமாக்கினேன்.

ஜினெட் கொப்பியோடு நின்றார். நான் கடிதத்தில் ரேமோனின் பேர் இருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"பா ரேமோன்," என்றேன். "லு செல், செ முவா."

ரேமோன் இல்லை. உப்பு நான். அவர் விளங்காதவர் போலப் பார்த்தார். ஆகவே வேலியடிக்குப் போய், கைப்பிடியில் மண்ணை அள்ளி, தூவிக் காட்டினேன். இங்கிருந்து அங்கு மட்டும். ஆறு விரலைக் காட்டி ஆறு வருடம் என்றேன்.

அவர் நிறையச் சொன்னார். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. கோபமா கவலையா என்று தெரியவில்லை, சொல்லித்தரவும் ஆள் இல்லை. பிறகு கொப்பியைத் திறந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழுதி முடித்து, பாரமான ஒரு பலகையின் ஒரு நுனியைத் தான் பிடித்து, மற்ற நுனியைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார். தூக்கினோம். கீழே ஒன்றும் இல்லை. வைத்தோம்.

ஜினெட் ரேமோனின் பேரை எடுத்துவிட்டு, கொன்சியேர்ஜ் அறியாமல் செய்தது, அவரே வந்து சொன்னார் என்று எழுதித்தான் நகரசபைக்கு அனுப்பினார். ஒளிக்கவில்லை. மூன்று கிழமையில் கட்டட முதலாளி கூப்பிட்டார். தொலைபேசியை மேசையில் வைத்து, துளசி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், எனக்கு வந்த ஏச்சையும் விடாமல். வேலியோரம் இனி உப்பு ஒரு மணியும் விழக் கூடாது. படிகளுக்கு உப்புக்குப் பதிலாகச் சிறு கல் போட வேண்டும். இன்னொரு முறைப்பாடு வந்தால் வேறு ஆள் பார்ப்பார்.

"இன்னும் ஏதும் சொன்னவரோ?" என்று பழக்கத்தில் கேட்டேன்.

"இல்லை," என்றாள். நான் அதோடு விட்டேன்.

இரண்டு சனி ஞாயிறு, நானும் துளசியும் வேலியோரம் முழுக்க ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து அப்புறப்படுத்தினோம். புதுமண் போட்டு, மேலே மேப்பிள் சருகைப் பரப்பினோம். குளம் தன்னைக் கழுவிக்கொள்ளச் சில வருட மழை வேண்டும் என்று ஜினெட் சொன்னாராம். ட்ரிற்றோன் திரும்பி வருமா, வராதா என்று அவருக்கும் தெரியாதாம்.

போன கிழமை முதல் பெரிய மழை பெய்தது. விட்ட பிறகு பின்கதவால் குப்பையோடு போனேன். வேலிக்கு இந்தப் பக்கம், பழைய கோடு இருந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால், அது நின்றது. செம்மஞ்சளில் பச்சை ஏறத் தொடங்கிய நிறம். குளத்துக்குப் போகிற வயது. துளசியைக் கூப்பிட்டேன். அவள் குதிக்கால் தூக்கி வந்தாள்.

இருவரும் குந்தியிருந்தோம். அது ஒரு காலை முன்னுக்கு வைத்தது. எடுத்தது. தலையைத் தூக்கியது. சருகின் மேல் தாடையை வைத்துப் பார்த்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. கால் மணித்தியாலம் போயிருக்கும்.

"இன்னும் உப்பு இருக்கோ அப்பா?"

"தெரியேல்லை."

"தூக்கி அங்கால விடுவமோ?"

"வேண்டாம். அது போறதெண்டால் போகட்டும்."

"போகாட்டி?"

அதன் சின்னக் கண் எங்கள் பக்கமே இருந்தது. எங்களுக்காகத்தான் நிற்கிறதோ என்று அப்போதுதான் தோன்றியது. முழங்காலைப் பிடித்து மெல்ல எழும்பினேன்.

"வா பிள்ளை, உள்ளுக்குப் போவம். நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் அது போகாது."

துளசி என்னை நம்பாமல் பார்த்தாள். நான் குப்பையைத் தொட்டியில் போட்டேன், கதவைத் திறந்தேன், அவளை முன்னுக்கு விட்டேன். திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தினேன்.